வரைபலகை, ஆசாரி, உரிமம்: இன்டீரியர் டிசைன் கற்ற ஒரு தலைமுறை

இன்டீரியர் டிசைன் என்பது எழும்பி நிற்கும் ஒரு கட்டடத்தின் உட்புறத்தை மனிதர் புழங்கத் தக்கதாக ஆக்கும் தொழில். எந்தச் சுவரை எடுக்கலாம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், விளக்கு எந்த உயரத்தில் தொங்க வேண்டும், ஈரக்கால் பட்டால் தரை வழுக்குமா, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் எந்த வழியாக வெளியேறுவார் என்பதெல்லாம் இதில் அடங்கும். திரைச்சீலையும் சுவர் வண்ணமும் இந்த வேலையின் கடைசிப் பகுதி. ஊரார் கண்ணில் படுவது அந்தக் கடைசிப் பகுதிதான் என்பதால், 1980-களின் இறுதியில் சென்னையில் இதைப் படிக்கப் போன பிள்ளைகளிடம் உறவினர்கள் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது: வீட்டை அலங்கரிக்க எதற்கு மூன்று வருடப் படிப்பு? அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்க அவர்களுக்கே பல ஆண்டுகள் பிடித்தன. பாதி பதில் வகுப்பில் கிடைத்தது, மீதி சைட்டில் கிடைத்தது. சட்டத்தில் தேடியபோது பதில் இல்லை.

படிப்பு வந்த வழிகள்

இந்தியாவில் இந்தப் படிப்பு ஒரே வாசல் வழியாக வரவில்லை. ஒரு வழி கலைப் பள்ளி. மும்பையில் 1857-இல் தொடங்கிய ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம், சிற்பத்தோடு உள் அலங்காரமும் ஒரு பிரிவாக வளர்ந்தது. இன்னொரு வழி தொழில் வடிவமைப்பு. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-இல் இந்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அங்கே மேசை நாற்காலிகளின் வடிவமைப்பு தனிப் பாடமானது. அதே ஊரில் 1962-இல் கட்டடக்கலைப் பள்ளியாகத் தொடங்கிய செப்ட், 1991-இல் இன்டீரியர் டிசைனுக்கென்றே தனிப் பள்ளி அமைத்தது.

தமிழ்நாட்டில் பெண்கள் பலர் வந்த வழி மனையியல். கோவை அவினாசிலிங்கம் கல்லூரி போன்ற இடங்களில் மனையியல் படித்தவர்கள் இல்ல நிர்வாகம் என்ற தலைப்பின் கீழ் வீட்டு அமைப்பு, வண்ணச் சக்கரம், அறைக்கலன் ஒழுங்கு, சமையலறையில் வேலை நடக்கும் வரிசை ஆகியவற்றைக் கற்றார்கள். ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு வேளைச் சமையலில் எத்தனை முறை நடக்கிறாள் என்று சுவரோரம் நின்று குறிப்பெடுப்பது அங்கே ஒரு செய்முறைப் பயிற்சி. இன்றைய பாடத்திட்டங்களில் பெரிய பெயர்களோடு வரும் பல கருத்துகள் அந்த எளிய நோட்டுகளில் முன்பே இருந்தன.

நான்காவது வழி பாலிடெக்னிக் டிப்ளமோவும் தனியார் மையங்களின் சான்றிதழ் வகுப்புகளும். ஆறு மாதத்தில் முடியும் வகுப்பும், ஐந்து ஆண்டு பி.ஆர்க். முடித்துவிட்டு உட்புற வேலைக்கு வருவதும் ஒரே தொழிலுக்கான பாதைகளாக இருந்தன. இந்த இரு பாதைகளில் வந்தவர்களும் ஒரே கடைத்தெருவில் பக்கத்துப் பக்கத்தில் போர்டு மாட்டினார்கள். வீட்டுக்காரர் கண்ணுக்கு இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு எந்த வசதியும் செய்யப்படவில்லை.

வரைபலகை

முதல் ஆண்டு முழுக்கக் கோடு. டிராஃப்டிங் போர்டில் தாளை ஒட்டி, டீ ஸ்கொயரைப் பிடித்து, ஒரே அழுத்தத்தில் நூறு கோடுகள் இழுக்க வேண்டும். பென்சில் கைக்குப் பழகிய பின் டிரேசிங் பேப்பரும் ரோட்ரிங் பேனாவும் வரும். 0.2, 0.4, 0.6 என்று நுனிகள். வெட்டுப்பட்ட சுவருக்குத் தடித்த கோடு, தூரத்தில் தெரியும் விளிம்புக்கு மெல்லிய கோடு, மேலே மறைந்திருக்கும் பரணுக்கு விட்டு விட்டுப் போடும் கோடு. எந்தக் கோடு எதைக் குறிக்கும் என்பதற்கு இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 962 என்ற ஏடே உண்டு. வரைபடம் அழகுக்காகப் போடப்படுவதன்று, ஒருவர் எழுதி இன்னொருவர் படிக்கும் கடிதம் அது என்று மாணவர்களுக்குப் புரிந்தது அந்த ஏட்டைப் பார்த்த பிறகுதான்.

மை பிசகினால் அழிக்க ரப்பர் உதவாது. அரை பிளேடை நுனிவிரலில் பிடித்து, மை படிந்த மேல்தோலை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு சுரண்டிய இடத்தை நகத்தின் முதுகால் தேய்த்து வழவழப்பாக்கினால்தான் மறுபடி மை பரவாமல் நிற்கும். கொஞ்சம் அழுத்தினால் தாள் ஓட்டை. மூன்று நாள் வேலை போயிற்று. முடிந்த டிரேசிங்கை அம்மோனியா பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோவார்கள். ரசாயனம் பூசிய தாளின் மேல் டிரேசிங்கை வைத்து ஒளி பாய்ச்சி, அம்மோனியா ஆவியில் காட்டினால் கோடுகள் நீலமாக எழும். அந்தக் கடையின் காரமான நெடி கண்ணைக் கரிக்கும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு அங்கே மாணவர்கள் வரிசையில் நிற்பது வழக்கம்.

இத்தனை உழைப்பும் ஒரு பழக்கத்தை ஊட்டியது. அழிப்பது கடினம் என்பதால், போடுவதற்கு முன் யோசித்தார்கள். ஆட்டோகேட் மென்பொருள் 1982-லேயே வெளிவந்துவிட்டாலும் சென்னையின் சிறிய அலுவலகங்களுக்கு அது வந்து சேர்ந்தது 1990-களில்தான். கணினி வந்ததும் கோடு போடும் வேகம் பல மடங்கானது. சுவரைப் பார்த்து அளக்கும் வேலை மட்டும் அப்படியே இருந்தது.

உடலின் அளவு

இரண்டாம் ஆண்டில் மனித உடலின் அளவுகள் பாடம். நூலகத்தில் இருந்த பெரிய புத்தகங்கள் இரண்டு: 1936-இல் முதலில் ஜெர்மனியில் வெளிவந்த நாய்ஃபர்ட்டின் கட்டடக்கலைத் தரவு நூல், 1979-இல் அமெரிக்காவில் பனேரோவும் செல்னிக்கும் எழுதிய மனித அளவுகள் பற்றிய நூல். இரண்டிலும் படத்தில் இருந்த உடம்புகள் மேற்கத்திய உடம்புகள். அமெரிக்கச் சமையல் மேடையின் வழக்கமான உயரம் 36 அங்குலம். அதை அப்படியே எடுத்துப் போட்ட மாணவர்களின் வரைபடத்தை ஆசிரியர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டில் அம்மாவின் முழங்கை உயரத்தை அளந்து வரச் சொன்னார்கள்.

அளந்து வந்தபோது கணக்கு தெளிவானது. காய் நறுக்கும் பலகை முழங்கைக்கு நாலு விரற்கடையாவது கீழே இருந்தால்தான் தோள் வலிக்காது. பல வீடுகளில் மேடை 32 அங்குலத்துக்கு மேல் போனால் அம்மாக்கள் கால்விரலில் எம்பி நின்றே சமைத்தாக வேண்டும். அடுப்பின் மேல் பெரிய பாத்திரம் ஏறினால் அதன் விளிம்பு இன்னும் உயரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்குபவருக்குத் தரையில் இடம் வேண்டும், கிரைண்டரைக் கழுவிவிடும் தண்ணீர் ஓட வழி வேண்டும் என்பவை எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இல்லை. இந்தியர்களை அளந்து திரட்டிய தரவுகளைத் தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்து, தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் நூலாக வெளியிட்டது. அதன்பின் படித்தவர்களுக்குச் சொந்த நாட்டு அளவு கையில் இருந்தது. அதற்கு முன் படித்தவர்கள் அளவு நாடாவோடு வீடு வீடாகப் போனார்கள். அந்தப் பழக்கத்தால் கடைசிவரை நன்மை அடைந்தவர்கள் அவர்களே.

ஆசாரியிடம் கற்றது

பட்டம் வாங்கிய கையோடு எவரும் டிசைனர் ஆகிவிடவில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் சொற்பச் சம்பளத்துக்கு உதவியாளர் வேலை. காலையில் வரைபடம், மதியம் சைட். அங்கே காத்திருந்த உண்மையான ஆசிரியர் ஆசாரி.

ஆசாரி கற்றுக் கொடுத்த முதல் பாடம், சுவர் நேராக இருக்காது என்பது. வரைபடத்தில் பத்து அடிச் சுவர் பத்து அடிதான். சைட்டில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் கீழே ஒட்டி, மேலே அரை அங்குலம் விலகி நிற்கும். ரசமட்டத்தைத் தரையில் வைத்தால் குமிழி ஓரத்துக்கு ஓடும். அறையின் மூலை மூலமட்டத்துக்கு உட்காராது. அதனால் அனுபவமுள்ள ஆசாரி வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். ஒரு பிளைவுட் ஷீட்டைத் தரையில் போட்டு, பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, அலமாரியின் குறுக்குவெட்டை முழு அளவில் அதன் மேலேயே வரைவார். பலகையின் கனம், மைக்காவின் கனம், கீல் மடங்கும் இடைவெளி எல்லாம் அதில் நிஜ அளவில் தெரியும். தாளில் மறைந்திருந்த பிழை எதுவும் அந்த முழு அளவுக் கோட்டில் மறைந்திருக்க முடியாது.

இரண்டாவது பாடம் ஷீட்டின் கணக்கு. பிளைவுட் 8-க்கு 4 அடியில் வரும். மில்லிமீட்டரில் 2440-க்கு 1220. அலமாரியின் ஆழம் 600 என்று வைத்தால், ரம்பம் தின்னும் நாலைந்து மில்லிமீட்டர் போகவும், ஒரு ஷீட்டின் அகலத்தில் இரண்டு பக்கப் பலகைகள் கிடைக்கும். அதையே 625 என்று வரைந்தால் அகலத்தில் ஒன்றுதான் கிடைக்கும். மீதி பாதி ஷீட் வேறு எதற்காவது காத்துக் கிடக்கும். வரைபலகையில் யோசிக்காமல் எழுதிய 25 மில்லிமீட்டர், வீட்டுக்காரரின் பையில் பல ஆயிரம் ரூபாயாக இறங்கும். ஆசாரி இதைத் திட்டிச் சொல்ல மாட்டார். வெட்டிய துண்டுகளைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். பார்த்தவருக்கு அது போதும்.

மூன்றாவது பாடம் பொருளின் குணம். கழுவும் தொட்டியின் கீழே ஐ.எஸ். 303 முத்திரையுள்ள சாதாரணப் பிளைவுட்டைப் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் உப்பிப் பிரியும், அங்கே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வேண்டும். கடற்கரை ஓரத்து வீடுகளில் இரும்புக் கீல் துருப்பிடிக்கும். தரையோடு ஒட்டிய மரத்தைக் கரையான் தேடி வரும். இவை பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருந்தவை; ஒரு வீட்டில் கதவைத் திறந்ததும் பலகை கையோடு பெயர்ந்து வந்ததைப் பார்த்தவருக்கு வாழ்நாள் பாடம்.

நான்காவது, தொடக் கூடாத சுவர். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். அந்தச் சுமையைத் தாங்குவது சுவர். கூடத்தைப் பெரிதாக்க அந்தச் சுவரை எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்பார். கான்கிரீட் தூண்கள் தாங்கும் அடுக்குமாடி வீட்டில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை எடுப்பது வேறு, இது வேறு. இந்த இடத்தில் இன்டீரியர் டிசைனர் தன் அறிவின் எல்லையைச் சொல்லி, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். எல்லையைச் சொல்லத் தெரிவதும் படிப்பின் ஒரு பகுதி என்று நல்ல ஆசிரியர்கள் வற்புறுத்தினார்கள்.

அலுவலகங்களின் காலம்

2000-இல் சென்னை தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டபோது இத்தொழிலின் அளவே மாறியது. அதுவரை வீடு, கடை, மருத்துவரின் கிளினிக், வங்கிக் கிளை என்று இருந்த வேலை, ஒரே தளத்தில் நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அலுவலகமாக வளர்ந்தது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குளிர்சாதனக் குழாய், மின்கம்பி, தண்ணீர் தெளிப்பான் என்று மூன்று நான்கு துறையினரின் வேலை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களிலிருந்து தச்சர் குழுக்கள் வந்து சேர்ந்தன. சைட்டில் தமிழும் இந்தியும் கலந்தன.

வீட்டு வேலையில் பிழை நேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குச் சிரமம். இந்த அளவிலான வேலையில் பிழை நேர்ந்தால் அது உயிர்ப் பிரச்சினை. அந்தக் காலத்தில் நகரின் ஒரு ஷோரூமில் நடந்தது பலருக்கு நினைவில் இருக்கும்: பின்பக்கக் கதவு சுவரின் சமச்சீரைக் கெடுக்கிறது என்று மரப் பேனல் அடித்து மூடப்பட்டிருந்தது. ஆய்வுக்கு வந்த தீயணைப்பு அதிகாரி வரைபடத்தில் இருக்கும் கதவு எங்கே என்று கேட்டு, பேனலைப் பிரிக்க வைத்தார். அன்று அங்கிருந்த இளையவர்கள், தாங்கள் படித்த மூன்று ஆண்டில் இதற்கு ஒரு வகுப்புகூட நடக்கவில்லை என்பதை உணர்ந்தார்கள்.

தீ கற்பித்தது

2004-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எவரும் மறக்க முடியாதது. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் கீற்றுப் பந்தலில் பற்றிய தீ, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பரவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக் கடையில் பிடித்த தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தையே பின்னர் இடிக்க வேண்டியதாயிற்று.

தீ எங்கே தொடங்கினாலும், எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் உட்புறப் பொருள்கள்: கூரை மூடி, பேனல், திரை, இருக்கையின் நுரை. வெளியேற முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை கதவும் படிக்கட்டும் நடைவழியும். இவ்விரண்டும் இன்டீரியர் டிசைனரின் பென்சில் தொடும் இடங்கள். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இல் முதலில் வந்து, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதன் நான்காம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்பு. உட்புறப் பூச்சுப் பொருள்களின் மேல் தீ பரவும் வேகத்தை வைத்து அவற்றை நான்கு வகுப்புகளாக அது பிரிக்கிறது. வீட்டுப் படிக்கட்டில் மிதிபலகை 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஏற்றம் 190-ஐத் தாண்டக் கூடாது என்றும், மக்கள் கூடும் கட்டடங்களில் மிதிபலகை 300, ஏற்றம் 150 என்றும் அது வரையறுக்கிறது. கூட்டம் ஒன்றாக இறங்கும் படி வீட்டுப் படியைவிடத் தாழ்வாகவும் அகலமாகவும் இருந்தாக வேண்டும் என்பதே இந்த எண்களின் பொருள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னொரு கடமையைச் சேர்த்தது. சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும். கதவின் தெளிவான திறப்பு 900 வேண்டும். 1990-களில் வரைந்த பல கழிப்பறைகளில் நாற்காலி உள்ளே போகவே முடியாது. அவற்றை வரைந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வரையவில்லை; எவரும் அவர்களிடம் கேட்கவில்லை, எந்தத் தேர்விலும் அது கேள்வியாக வரவில்லை.

சட்டம் சொல்வது

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம், கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் என்ற அமைப்பை உருவாக்கியது. அதில் பதிவு செய்தவரே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டத்தின் 37-ஆவது பிரிவு. அந்தப் பிரிவு காப்பது பட்டப்பெயரை மட்டுமே, பதிவு செய்யாதவர் அந்த வேலையைச் செய்வதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இன்டீரியர் டிசைனருக்கு அந்தப் பட்டப்பெயர்க் காப்பும் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, ஆர்க்கிடெக்ட், பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் முதலானோரைப் பதிவு பெற்ற வல்லுநர்களாகக் குறிப்பிடுகின்றன. இன்டீரியர் டிசைனருக்கு அவற்றில் தனி இடம் இல்லை.

அதே 1972-இல் மும்பையில் இந்திய இன்டீரியர் டிசைனர்கள் சங்கமான ஐ.ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது. படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து உறுப்பினராக்குகிறது, கருத்தரங்குகள் நடத்துகிறது, விருது கொடுக்கிறது. ஆனால் அது தொழில் சங்கம். உறுப்பினர் அல்லாதவரை வேலை செய்யாதே என்று சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. தொழில் தொடங்க அரசு கேட்பது வேறு தாள்கள்: ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, அலுவலகத்துக்கு உள்ளாட்சி அனுமதி, தொழில் வரி. திறமையைப் பற்றிய கேள்வி அவை எதிலும் இல்லை. வேலை கெட்ட பிறகு வீட்டுக்காரர் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்குப் போடலாம். கேடு நடந்த பிறகு வரும் பரிகாரம் அது.

உரிமம் இல்லாததால் வளர்ந்த இன்னொரு பழக்கம் கமிஷன். டிசைனர் கைகாட்டும் கடையில் வீட்டுக்காரர் பொருள் வாங்கினால், கடைக்காரர் டிசைனருக்கு ஒரு பங்கு கொடுப்பார். கூலியை வெளிப்படையாகக் கேட்கத் தயங்கிய பலர் இதையே வருமானமாக்கிக்கொண்டார்கள். கடைசியில் எந்தப் பிளைவுட் நல்லது என்ற ஆலோசனையே நம்பிக்கை இழந்தது. சதுர அடிக்கு இவ்வளவு, அல்லது மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்கியவர்கள் தொடக்கத்தில் வேலை இழந்தார்கள். பின்னாளில் தலைநிமிர்ந்து நின்றவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்கத் தேர்வு

சென்னையில் படித்து, திருமணமாகி அமெரிக்கா போன பெண்கள் பலர் அங்கே வேறொரு முறையைக் கண்டார்கள். அங்கே இந்தப் படிப்புகளை மதிப்பிட 1970-இல் ஓர் அமைப்பு ஏற்பட்டது. 2006 முதல் அதன் பெயர் சிடா. திறமையைச் சோதிக்க 1974-இல் என்.சி.ஐ.டி.க்யூ. என்ற தேர்வு அமைப்பு உருவானது. இன்டீரியர் டிசைன் பட்டதாரி 3,520 மணி நேரம் பணி அனுபவம் பெற்ற பிறகே முழுத் தேர்வையும் முடிக்க முடியும் என்பது நெடுநாள் நடைமுறை. குறைந்த படிப்போடு வருபவருக்கு இன்னும் அதிக மணி நேரம். தேர்வு மூன்று பகுதியாக நடந்து வந்திருக்கிறது: அடிப்படை, தொழில்முறை, செய்முறை. செய்முறைப் பகுதி நெடுங்காலம் கையால் வரையும் தேர்வாக இருந்து, பிறகு கணினிக்கு மாறியது.

அந்தத் தேர்வு ரசனையைக் கேட்பதில்லை. இந்த நடைவழியின் அகலம் போதுமா, இந்தத் துணி தீச்சோதனையில் எந்த வகுப்பு, சக்கர நாற்காலி இந்தக் கதவைத் திறந்து உள்ளே வருமா, ஒப்பந்தத்தில் யார் எதற்குப் பொறுப்பு என்பவையே கேள்விகள். அமெரிக்காவும் இதைத் துயரத்தின் வழியாகவே கற்றது. 1942-இல் பாஸ்டனின் கோகோனட் குரோவ் கேளிக்கை விடுதியில் அலங்காரப் பொருள்களில் பரவிய தீயில் 492 பேர் இறந்தார்கள். சுழல் கதவில் சிக்கியும், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாமலும் மாண்டவர்கள் பலர். 2003-இல் ரோட் ஐலண்டில் ஓர் இசை விடுதியின் சுவரில் ஒட்டியிருந்த நுரையில் தீப்பற்றி 100 பேர் இறந்தார்கள்.

அங்கேயும் உரிமம் ஒரே சீராக இல்லை. அலபாமா மாநிலம் 1982-இல் பட்டப்பெயரைக் காக்கும் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. 2001-இல் தொழில் செய்யவே உரிமம் வேண்டும் என்று அதை இறுக்கியது. 2007-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. மெத்தையும் திரையும் தேர்ந்து கொடுப்பவருக்குக்கூட உரிமம் கேட்பது பிழைப்பைத் தடுப்பதாகும் என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம். ஃபுளோரிடா 2020-இல் கட்டாய உரிமத்தை விருப்பப் பதிவாக மாற்றியது. லூசியானா, நெவாடா, வாஷிங்டன் நகரம் போன்ற சில இடங்களில் மட்டுமே தொழிலுக்கே உரிமம் கேட்கும் சட்டம் இருந்து வந்திருக்கிறது.

இந்த அனுபவத்திலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ரசனைக்கு உரிமம் கேட்டால் சட்டம் நிலைக்காது. பாதுகாப்புக்கு உரிமம் கேட்காவிட்டால் மக்கள் உயிர் நிலைக்காது.

இனி செய்ய வேண்டியது

இந்தியாவில் உரிமம் வருமானால் அது சோதிக்க வேண்டியவை தெளிவாக உள்ளன: தீயில் பொருளின் நடத்தை, வெளியேறும் வழி, சுமை தாங்கும் சுவரின் அடையாளம், மின்சாரப் பாதுகாப்பு, மாற்றுத்திறனாளி அணுகல், ஒப்பந்த நேர்மை. மக்கள் கூடும் கட்டடங்களின் உட்புற வேலைக்கு மட்டும் அதைக் கட்டாயமாக்கி, வீட்டு வேலைக்கு விருப்பப் பதிவாக வைக்கலாம். கல்லூரிப் படி ஏறாமல் முப்பது ஆண்டு வேலை செய்த ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் அதில் ஒரு வாசல் இருக்க வேண்டும். அனுபவ நேரத்தைக் கணக்கிட்டு, தமிழிலேயே தேர்வு எழுத வழி வேண்டும். இந்தத் தொழிலைப் பட்டதாரிகளுக்குச் சைட்டில் கற்றுக் கொடுத்தவர்களைச் சட்டம் வெளியே நிறுத்துவது அநியாயம்.

அதுவரை பொறுப்பு முழுவதும் படிப்பின் மேல் விழுகிறது. இன்று சேர விரும்பும் மாணவருக்கு வழிகள் பெருகியுள்ளன. வடிவமைப்புப் பட்டத்துக்கு மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் தேர்வு 2015 முதல் உள்ளது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. ஆர்க்கிடெக்ட் ஆகி இத்துறைக்கு வர 2006 முதல் நாட்டா தேர்வு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் பளபளப்பைப் பார்ப்பதைவிட நான்கு விஷயங்களை விசாரிப்பது நல்லது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதா? தச்சுப் பட்டறை இருக்கிறதா, மாணவர் கையால் மரம் அறுக்கிறாரா? கட்டட விதித்தொகுப்பு தனிப் பாடமாக நடக்கிறதா? ஒரு பருவம் முழுக்கச் சைட் பயிற்சி உண்டா? இந்த நான்கும் இருக்கும் சிறிய கல்லூரி, இவை இல்லாத பெரிய கல்லூரியைவிட மேலானது.

படித்து முடித்தவர் தானாக ஏற்றுக்கொள்ள வேண்டிய ஒழுங்கும் உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டு இன்னொருவரிடம் வேலை பார்ப்பது, சுவரைத் தொடுமுன் பொறியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுவது, பொருள்களின் தரமுத்திரையை விலைப்பட்டியலில் குறிப்பது, கூலியை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குவது, எந்த வெளியேறும் வழியையும் அழகுக்காக மூடாமல் இருப்பது. வீட்டுக்காரரும் டிசைனரை அமர்த்துமுன் அவர் முடித்துக் கொடுத்து ஐந்தாண்டு ஆன ஒரு வேலையைப் போய்ப் பார்த்துவிட வேண்டும். புதிய வேலை எல்லாமே அழகாக இருக்கும். ஐந்து மழைக்காலம் தாண்டிய அலமாரிக் கதவு நேராக மூடுகிறதா என்பதில்தான் படிப்பும் நேர்மையும் தெரியும்.

வீட்டை அலங்கரிக்க எதற்குப் படிப்பு என்று அன்று கேட்ட உறவினர்களுக்கு அந்தத் தலைமுறை இன்று பதில் சொல்ல முடியும். உள்ளே வாழ்பவர் இடறாமல் நடக்கவும், வலியில்லாமல் வேலை செய்யவும், ஆபத்தில் உயிரோடு வெளியே வரவும் ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அந்த யோசனையைக் கற்றுக் கொடுப்பது கல்லூரியின் கடமை, கற்றாரா என்று சோதிப்பது அரசின் கடமை.